இரண்டு எஞ்சின், இரண்டு பேட்டரி: ஒன்று மட்டும் ஏன் ஓய்ந்து போகிறது?

தோட்டத்து மக்களுக்குப் பேட்டரி புதிய பொருளல்ல. நம் நாட்டில் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் எத்தனையோ லயங்களில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டும் வந்து போகும் விருந்தாளியாகவே இருந்தது. சில தோட்டங்களில் அதுவும் இல்லை. தமிழ்ப் படம் பார்ப்பதென்றால் கார் பேட்டரி வேண்டும். அதைச் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பட்டணத்துக் கடையில் சார்ஜ் ஏற்றி, மறுபடியும் கட்டிக்கொண்டு வருவார்கள். படம் நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் உருவம் நாலு பக்கமும் சுருங்கத் தொடங்கினால், கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரும் ஒரே குரலில், "பேட்டரி போச்சு!" என்பார்கள். கதாநாயகனுக்கு என்ன ஆனது என்பதை மறுநாள் வேலைக்காட்டில் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பேட்டரி இப்போது கடலுக்குப் போய்விட்டது.

கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையில் இருக்கிற நம்முடைய ஜெஞ்சாரோமைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். அவற்றைத் தாண்டினால் லங்காட் ஆறு. ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு. இன்னும் சற்றுத் தெற்கே போனால் ஜூக்ரா, மோரிப், தஞ்சோங் செப்பாட். பால்வெட்டும் குலைவெட்டும் தெரிந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை வந்தால் தூண்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கும் கடலுக்கும் கிளம்புகிறார்கள். நாலைந்து பேர் பங்கு போட்டுப் பழைய படகு வாங்குவதும் நடக்கிறது. பின்பக்கம் இரண்டு எஞ்சின் மாட்டிய படகென்றால் கொஞ்சம் பெருமை. ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்ற தைரியம்.

அந்தத் தைரியம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு எஞ்சினையும் எழுப்புவது பேட்டரி. இரண்டு பேட்டரியும் ஒரே இரவில் செத்துப் போனால், இரண்டு எஞ்சினும் வெறும் இரும்புப் பாரம். சிறிய எஞ்சினைக் கயிற்றால் இழுத்து எழுப்பலாம். பெரியதை அசையும் படகில் நின்றுகொண்டு இழுத்து எழுப்புவது நடக்கிற காரியமல்ல. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலை நேரத்திலும், சுமத்ரா என்று பெயர் பெற்ற சூறைக்காற்று வரிசையாக இடியையும் மழையையும் கூட்டிக்கொண்டு வரும். இரவெல்லாம் மீன் பிடித்துவிட்டு, 'சரி, கிளம்பலாம்' என்று சாவியைத் திருப்பும் நேரமும் அதுதான்.

என்னிடம் ஐந்தாம் ஆண்டில் அறிவியல் படித்த ஒருவர், இப்போது முப்பதைத் தாண்டியவர், இப்படி ஒரு படகில் பங்குதாரர். ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், வலது பக்க எஞ்சினுக்கு மட்டும் மூணாவது பேட்டரி இது. இடது பக்கம் பழைய பேட்டரியே ஓடுது. வலது பக்கத்துக்கு ராசி இல்லையோன்னு சந்தேகமா இருக்கு," என்றார். ஒரு பட்டறையில் ரெகுலேட்டரை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பல நூறு வெள்ளிச் செலவு. மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பார்ப்போம் என்று 30, 40 வெள்ளிக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண மல்ட்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனோம். அந்தப் படகில் கண்டதை அடிப்படையாக வைத்தே இதை எழுதுகிறேன். படகு இல்லாதவர்களும் படிக்கலாம். காரிலும் லாரியிலும் டிராக்டரிலும் பாதிக்கு மேல் இதே கதைதான்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

1859-இல் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்று காட்டினார். இன்றைக்கும் காரிலும் படகிலும் இருப்பது பெரும்பாலும் அதே ஈய-அமில பேட்டரிதான். உள்ளே ஆறு அறைகள். முழுதாகச் சார்ஜ் ஏறிய ஓர் அறை ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். ஆறையும் சேர்த்தால் 12.6 வோல்ட். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

எஞ்சினை நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, ஓர் இரவு சும்மா விட்ட பேட்டரியை மறுநாள் காலையில் அளக்க வேண்டும். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 11.8-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே கொள்ளலாம். பார்த்தீர்களா, நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையில் ஒரு வோல்ட்கூட இல்லை! அதனால்தான் 'பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறதே, நல்ல பேட்டரிதானே' என்று நம்பிப் பலரும் ஏமாறுகிறார்கள். பன்னிரண்டு காட்டும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பசியால் வாடிக் கிடக்கும் பேட்டரி. அந்தப் பசியோடு வாரக்கணக்கில் விட்டுவிட்டால் தகடுகளின் மேல் வெள்ளையாக ஓர் உப்பு இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஏறுமுகமாக இருந்தால்தான் தண்ணீர் தொட்டிக்குள் பாயும் என்பதுபோல, பேட்டரியைவிட அதிக வோல்ட் இருந்தால்தான் மின்சாரம் உள்ளே போகும். எஞ்சினின் மேல்பக்கம் சுழலும் சக்கரத்தில் காந்தங்கள் இருக்கின்றன. அவை செம்புக் கம்பிச் சுருள்களைக் கடந்து சுழலும்போது மின்சாரம் பிறக்கிறது. அதை ஒரே திசையில் ஓடச் செய்து, அளவுக்கு மிஞ்சாமல் கட்டுப்படுத்தி அனுப்புவது ரெகுலேட்டர். 15 வோல்ட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தால் கட்டுப்படுத்துகிறவனே கெட்டுவிட்டான் என்று அர்த்தம். அப்போது பேட்டரி கொதித்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு விலகி நிற்க வேண்டும்.

இரட்டைப் படகின் வரம்

ஒற்றை எஞ்சின் படகில் பழுது வந்தால், 'இது சரியான அளவா, தவறான அளவா' என்று புத்தகத்தைப் பார்க்க வேண்டும். இரட்டை எஞ்சின் படகில் அந்தத் தொல்லை இல்லை. நல்ல எஞ்சின் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே ஜாதி எஞ்சின், ஒரே வயது, ஒரே உப்புக் காற்று. இடது பக்கம் என்ன காட்டுகிறதோ அதைத்தான் வலது பக்கமும் காட்ட வேண்டும். வகுப்பில் இரண்டு தொட்டியில் செடி வைத்து, ஒன்றுக்கு மட்டும் வெயில் காட்டாமல் விட்டு, எது வாடுகிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்கிறோமே, அதே பாடம்தான் இங்கேயும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நம்மவர்கள் அவசரத்தில் பேட்டரியையும் மாற்றி, வயரையும் மாற்றி, சுவிட்சையும் மாற்றிவிடுவார்கள். சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எது கெட்டது என்றும் தெரியாது.

அந்தப் படகில் காலையில் போய் அளந்தபோது இடது பேட்டரி 12.6, வலது பேட்டரி 12.1. இரண்டையும் கரைக்குக் கொண்டுவந்து முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்தோம். மறுநாள் இரண்டுமே 12.6. அடுத்து, சாவியைத் திருப்பி எஞ்சின் எழும் அந்த இரண்டு மூன்று நொடியில் மீட்டரைப் பார்த்தோம். நல்ல பேட்டரி அந்தப் பாரத்திலும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டுமே 10.8 அளவில் நின்றன. ஆக, பேட்டரியும் நல்லது, ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயரும் நல்லது. மூன்றாவது பேட்டரிக்குக் கொடுத்த பணம் வீண்!

பிறகு எஞ்சின்களை ஓடவிட்டு அளந்தோம். எஞ்சினைத் தண்ணீரில் இறக்காமல் ஓட்டக் கூடாது. குளிர்விக்கும் தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் இறைப்பான் சில நொடியில் கருகிவிடும். விளக்குகளையும் பம்பையும் போட்டுவிட்டு, இரண்டு எஞ்சினையும் ஒரே வேகத்தில் வைத்தோம். இடது பேட்டரியில் 14.2. வலது பேட்டரியில் 12.5. உடனே பேட்டரிகளை இடம் மாற்றினோம். இடத்தில் இருந்தது வலத்துக்கு, வலத்தில் இருந்தது இடத்துக்கு. மறுபடியும் இடது பக்கம் 14.2, வலது பக்கம் 12.5. பேட்டரி மாறியும் நோய் மாறவில்லை. நோய் பக்கத்தில் இருக்கிறது, பேட்டரியில் இல்லை.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் பட்டறைக்காரர் சொன்னது சரி என்றுதான் தோன்றும். வலது ரெகுலேட்டர் சரியாக அனுப்பவில்லை போலிருக்கிறது என்று நினைப்போம். ஆனால் ரெகுலேட்டர் அனுப்புகிறதா என்பதை ரெகுலேட்டரின் வாசலில் கேட்க வேண்டும், பேட்டரியின் வாசலில் கேட்கக் கூடாது. மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் கழித்தல் முனையில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை மட்டும் ஒவ்வோர் இடமாக நகர்த்தினோம். பேட்டரியின் கூட்டல் முனையில் 12.5. வயரின் மறுநுனியில், ஸ்டார்ட்டர் ரிலேயில், 12.6. ரெகுலேட்டரிலிருந்து வெளியே வரும் வயரில் 14.5!

ரெகுலேட்டர் நல்லபடியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவழியில் 1.9 வோல்ட்டை யாரோ விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நடுவழியில் இருந்தது ஒரே ஒரு 20 ஆம்பியர் பியூஸும் அது உட்காரும் கூடும்தான். கழற்றிப் பார்த்தால் பியூஸ் நன்றாக இருந்தது. கூட்டின் செம்புக் கால் பச்சை பூத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் சூட்டில் பழுப்பேறியிருந்தது. அந்த 1.9 வோல்ட்தான் அங்கே சூடாக மாறி வெளியேறிக்கொண்டிருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால், பெட்ரோல் குழாய்கள் ஓடும் அந்த மூடிக்குள் என்னாகியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. புதிய பியூஸ் கூட்டுக்கு இருபது வெள்ளிகூட ஆகவில்லை. மாற்றியபின் வலது பக்கமும் 14.2.

நல்ல இணைப்பில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கடலில் உப்பு எங்கும் நுழையும். வயரின் ரப்பர் உறைக்குள்ளேயும் ஈரம் ஏறி, வெளியே பளபளப்பாகவும் உள்ளே கறுத்தும் இருக்கும். அதனால்தான் படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைப் போடச் சொல்கிறார்கள். பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, இறுக முடுக்கி, அதன் மேல் வாசலின் தடவலாம். முடுக்கிய பிறகுதான் தடவ வேண்டும். கையால் திருகும் சிறகு மரையை எடுத்துவிட்டு, சாவி போட்டு முடுக்கும் ஆறுமூலை மரையைப் போடுங்கள். அலையில் அடிபட்டுச் சிறகு மரை தானே தளர்ந்துவிடும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுருட்டிச் செருகுகிற சாமர்த்தியம் நம்மிடையே உண்டு. படகில் அந்தச் சாமர்த்தியம் வேண்டாம்.

வரவு எட்டணா, செலவு பத்தணா

பியூஸ் கூட்டை மாற்றியதோடு வேலை முடியவில்லை. படகில் இருந்த விளக்கு, மீன் தேடும் கருவி, பம்ப் எல்லாமே வலது பேட்டரியில்தான் மாட்டியிருந்தன. சும்மாவே குறைவாக வந்துகொண்டிருந்த மின்சாரத்தையும் அவையே தின்று வந்தன. இடது பேட்டரி ஓர் எஞ்சினை எழுப்புவதைத் தவிர வேறு வேலை செய்யாத மாப்பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. வலது பேட்டரிக்கு ராசி இல்லாமல் போனதன் ரகசியம் பாதி இதுதான்.

நம் வீட்டுச் சம்பளக் கணக்குப்போல் பேட்டரிக்கும் கணக்குப் போடலாம். அதற்கு அளவு ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருந்தால் அது நீண்ட நாள் உழைக்கும். அப்படியானால் கையில் செலவுக்கு 35.

இப்போது ஓர் இரவு, எட்டு மணி நேரம் நங்கூரம் போட்டு மீன் பிடிக்கிறோம். உயிர் இரைத் தொட்டிக்கு ஓடும் சிறு மோட்டார் 3 ஆம்பியர் குடித்தால் எட்டு மணி நேரத்துக்கு 24. மீன் தேடும் கருவி ஓர் ஆம்பியர் என்றால் 8. பழைய மாதிரி 10 வாட் குண்டு பல்ப் இரண்டு போட்டால் ஏறக்குறைய 13. மொத்தம் 45. வரவு எவ்வளவு? போக 40 நிமிடம், வர 40 நிமிடம் எஞ்சின் ஓடுகிறது. 10 ஆம்பியர் ஏறினாலும் ஒரு வழிக்கு 7, இரு வழிக்கும் 14-ஐத் தாண்டாது. எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போது ஏறுவது இன்னும் சொற்பம். ஆக ஒவ்வொரு பயணத்திலும் 31 கடன். இப்படிப்பட்ட குடும்பம் எத்தனை வாரம் தாங்கும்? பழுதே இல்லாத படகிலும் பேட்டரி சாவது இப்படித்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் எஞ்சினை எழுப்புவதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று நினைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்தாலும் மூன்று நொடிதான் இழுக்கிறது. கணக்குப் போட்டால் ஓர் ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்கு. அந்த இரை மோட்டார் ஓர் இரவில் குடித்ததை வைத்து எஞ்சினை 190 தடவை எழுப்பலாம்! நாம் கவலைப்படாத குட்டி மோட்டார்தான் திருடன்.

அந்த நண்பர்கள் செய்தது இதுதான். மூன்றாவது பேட்டரி ஏற்கனவே வாங்கியாகிவிட்டதல்லவா, பழைய நல்ல பேட்டரி ஒன்று மிச்சம் இருந்தது. அதைத் தனியாக விளக்குக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கினார்கள். எஞ்சின் பேட்டரி இரண்டும் எஞ்சினுக்கு மட்டும். குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதில் விளக்குச் செலவு ஆறில் ஒரு பங்காக இறங்கியது. வீடு திரும்பியதும் மூன்றாவது பேட்டரிக்கு இரவு முழுவதும் கரையிலேயே சார்ஜ். பிற்பாடு பணம் சேர்ந்தால், அந்த வேலைக்கென்றே தடித்த தகடு வைத்துச் செய்யும் பேட்டரியை வாங்கலாம். எஞ்சினை எழுப்பும் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். ஒரு நொடியில் பலத்தைக் காட்டும் குண்டு எறியும் வீரன்போல. அவனை நெட்டோட்டத்தில் விட்டால் மூச்சு வாங்கிச் சாய்ந்துவிடுவான்.

இரண்டையும் சேர்க்கலாமா?

"இரண்டு பேட்டரியையும் சேர்த்துக் கட்டிவிட்டால் ஒன்றுக்கொன்று உதவாதா?" என்று கேட்பார்கள். உதவாது. கடன்காரன் பணக்காரன் பையில் கையை விட்ட கதைதான் நடக்கும். கெட்டுப்போனது நல்லதை உறிஞ்சி, காலையில் இரண்டும் காலியாக இருக்கும். அவசரத்துக்கு இரண்டையும் சேர்க்கும் ஒரு சுவிட்ச் இருப்பது நல்லதுதான். எஞ்சின் எழுந்ததும் அதைப் பிரித்துவிட வேண்டும். மறந்து அப்படியே விட்டுவிட்டு நங்கூரம் போட்டுத் தூங்குவதுதான் இரட்டைப் படகில் நடக்கும் பெரிய ஆபத்து. இப்போது தானாகவே சேர்த்துப் பிரிக்கும் ரிலே கிடைக்கிறது. சார்ஜ் ஏறி 13.3 வோல்ட்டைத் தாண்டியதும் சேர்க்கும். எஞ்சின் நின்று வோல்ட் இறங்கியதும் பிரித்துவிடும். மறதிக்காரர்களுக்கு அது பாதுகாப்பு.

இரண்டு எஞ்சினும் ஒரே பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்படி அமைந்த படகுகளும் உண்டு. அங்கே ஓர் எஞ்சின் சார்ஜே ஏற்றாததுபோல் காட்டும். அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். ஒரே தொட்டிக்கு இரண்டு மிதவைக் குழாய்களை வைத்து, ஒன்றைச் சற்று உயரத்திலும் மற்றொன்றைத் தாழ்வாகவும் பொருத்தினால் என்ன ஆகும்? தாழ்ந்த மிதவை தொட்டி நிரம்பிவிட்டது என்று எண்ணி முதலில் மூடிக்கொள்ளும். ரெகுலேட்டரும் அப்படியே. ஒன்று 14.5 வரை ஏற்றும், மற்றது 14.2-லேயே நிறுத்தும் என்றால், இரண்டாவது எஞ்சின் 'வேலை முடிந்தது' என்று சும்மா இருந்துவிடும். முதல் எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். அப்போது 14.2 வந்தால் அது ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. இதைத் தெரியாமல் நல்ல ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

கூட்டல் முனைகளை நிரந்தரமாகச் சேர்க்கக் கூடாது என்றேன். கழித்தல் முனைகளோ நேர்மாறு. இரண்டு பேட்டரிகளின் கழித்தல் முனைகளையும் தடித்த வயரால் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. வலது எஞ்சினின் கறுப்பு வயர் தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடும். இரண்டு எஞ்சினையும் இணைக்கும் ஸ்டியரிங் தண்டு, வேகக் கம்பி, மீட்டருக்குப் போகும் மெல்லிய வயர், எது கிடைத்தாலும் அதன் வழியாகப் பாய்ந்து இடது எஞ்சின் பக்கம் போகும். மெல்லிய வயர் சில நொடியில் சிவந்து உருகும். சாவியைத் திருப்பும்போது கைப்பிடிப் பக்கம் புகை நாற்றம் வந்தால் மறுபடியும் திருப்பாதீர்கள்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி சுவிட்சைத் திருப்பி அணைக்கக் கூடாது, பேட்டரி வயரையும் கழற்றக் கூடாது. 'கழற்றினாலும் ஓடுகிறதா பார், ஓடினால் சார்ஜ் நல்லது' என்று காரில் செய்து காட்டிய பழைய காலத்து வித்தை அது. இன்றைய எஞ்சின்களில் போக இடமில்லாத மின்சாரம் ஒரு நொடியில் ரெகுலேட்டரின் டயோடுகளைப் பொசுக்கிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பேட்டரி படகில் இருந்தாலும் சார்ஜ் போடுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பின்கட்டில்தான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே மூடிய அறை வேண்டாம். அடுப்பும், சாமி விளக்கும், சிகரெட்டும் பக்கத்தில் வேண்டாம். சார்ஜரின் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். மூடி திறக்கும் பேட்டரியில் நீர் குறைந்தால் கடையில் விற்கும் வடிநீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் விடாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சோடா தரையில் சிந்தியதற்குத்தான், கண்ணுக்கல்ல. படகில் பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். பேட்டரியை மூடியுள்ள பெட்டியில் வைத்து வாரால் கட்டச் சொல்வது அதற்காகவும்தான்.

கடலுக்குப் போகும் பிள்ளைகளிடம் தாய்மாரும் மனைவிமாரும், "சாப்பாடு எடுத்தாச்சா?" என்று கேட்கிறீர்கள். அதோடு, "ரெண்டு பேட்டரியும் எவ்வளவு வோல்ட் காட்டுது?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் மீட்டரை எடுத்துக்கொண்டு திரும்பப் படகுக்குப் போகட்டும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று, உறையில் சுற்றிய கைப்பேசி, ஆபத்தில் அழைக்க 999. எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நங்கூரம் போட்ட பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து, 12.2-க்கு வந்துவிட்டால் மீன் கடித்தாலும் கடிக்காவிட்டாலும் எஞ்சினை எழுப்பிவிட வேண்டும்.

கடைசியாகப் பழைய பேட்டரி. தூண்டிலுக்கு ஈயக் குண்டு வேண்டுமென்று செத்த பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் தகட்டை வீட்டுப் பின்புறம் சட்டியில் உருக்குகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஜெஞ்சாரோம் மக்களுக்கு நச்சுப் புகை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2018-இல் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை இங்கே எரித்த நாட்களில் இரவில் சன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் நாம். ஈயப் புகையில் அந்த நாற்றமும் இருக்காது. மண்ணில் படிந்து, அங்கே விளையாடும் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போய், இரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எழுத்து ஏறாத பிள்ளையை மந்தம் என்று திட்டுவதற்கு முன்னால் இதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுச் சட்டவிதிகளில் பழைய ஈய பேட்டரி கண்ட இடத்தில் வீசக்கூடாத கழிவு வகையில் சேர்ந்தது. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். விலையில் சில வெள்ளி கழித்துக்கொள்வார்கள். ஈயக் குண்டு தூண்டில் கடையில் சில காசுக்குக் கிடைக்கிறது.